வாளியில் மிதந்த கடற்பஞ்சு

பதினோரு ஆண்கள் ஒரே கடற்பஞ்சை மாற்றி மாற்றி வாயில் வைத்து உறிஞ்சித் தாகம் தீர்த்துக்கொண்டார்கள் என்று அந்த அமெரிக்கர் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்குமாம். ஆட்டம் சற்று ஓயும்போது வாளி உள்ளே வருமாம். முதல் ஆள் பஞ்சை எடுத்து உறிஞ்சுவார். மிச்சத்தை முகத்தில் பிழிந்து சேற்றையும் இரத்தத்தையும் துடைப்பார். பஞ்சைத் திரும்ப வாளியிலேயே போடுவார். அடுத்தவர் எடுப்பார். பொய்ப்பல் வைத்திருந்தவர்கள் ஆட்டத்துக்கு முன் பல்லைக் கழற்றித் தண்ணீர்க்காரரிடம் கொடுத்து வைப்பார்கள் என்றும், சட்டைப்பையில் இடம் போதாமல் ஒருமுறை அவர் எல்லாவற்றையும் அந்த வாளிக்குள்ளேயே போட்டுவிட்டார் என்றும் சொல்லி, தொடையில் தட்டிச் சிரித்தார்.

"கடைசி ஆளுக்கு வரும்போது அது தண்ணீராக இருக்காது, டீச்சர். சூப்பாக இருக்கும்."

வராந்தாவில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் அத்தை தலையைத் தூக்கினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகம் தெரியும்.

"என்னடி சொல்றாரு, மூஞ்சி இப்படிப் போகுது?"

சொன்னேன். அத்தை எழுந்து போய் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பி, கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"இனிமே அவரு சொல்றத எனக்குச் சொல்லாத. நீயே வச்சுக்க."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. நான் ரங்கூன் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அப்பா இன்சீன் ரயில் பட்டறையில் மேஸ்திரி. நான் நாள்தோறும் ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் தலைமையாசிரியை, ஒரு அமெரிக்கருக்கு எழுத்து வேலை செய்ய நல்ல ஆங்கிலமும் பொறுமையும் உள்ளவர் தேவைப்படுகிறார் என்று சொல்லி என்னை அனுப்பினார். அப்பா இரண்டு நிபந்தனைகள் விதித்தார். அத்தை கூடப் போக வேண்டும்; விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

அந்த மனிதர் வடக்கே எண்ணெய்க் கிணறுகளில் துளையிடும் வேலைக்கு வந்தவர். அதற்கு முன், தம் நாட்டில் கூலிக்குப் பந்தாடியவர். நம்மவர்கள் காலால் உதைக்கும் பந்து அல்ல. முற்றிய பப்பாளியைப் போல இரு முனையும் கூம்பிய பந்து. அதைக் கையில் ஏந்தி, எதிரே நிற்கும் பதினொருவரை இடித்துத் தள்ளிக்கொண்டு எல்லைக் கோடு வரை கொண்டுபோக வேண்டும். அவருடைய இடத்துக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். அடுத்து என்ன செய்வது என்று எண்களால் கூவி மற்றப் பத்துப் பேருக்கும் கட்டளையிடுவது அவர்தான். பந்தை எறிவதும் பெரும்பாலும் அவர்தான். வலக்கையின் மூன்று விரல்கள் உடைந்து கோணலாகப் பொருந்திப் போயிருந்தன. பேனா பிடிக்க வராது.

அவர் ஊரிலிருந்த ஒரு கல்லூரி, தன் மாணவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் பயிற்றுவிக்க அவரை அழைத்திருந்தது. இரண்டு தாள்கள் கேட்டிருந்தார்கள். ஒன்று, அவருடைய வாழ்க்கையையும் ஆட்டத்தையும் பற்றிய எழுத்துக் குறிப்பு. மற்றொன்று, உடல்நலத்துக்கு மருத்துவர் தரும் சான்று. இரண்டும் அடுத்த கப்பலில் அவரோடு போய்ச் சேர வேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் உலகத்தில் தம்மை அழைப்பதற்கு வேறு யாரும் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார், வானிலையைப் பற்றிச் சொல்வதைப் போல.

அவர் தங்கியிருந்த வீடு பசுண்டாங் ஓடைக் கரையில், அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல் நாள் முழுவதும் பறந்து படியும் தெருவில் இருந்தது. வீட்டுக்காரம்மாவின் தந்தை துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர். தாய் பர்மியப் பெண். எங்களோடு தமிழில் பேசுவார். கோபம் வந்தால் பர்மிய மொழிக்குப் போய்விடுவார். வழிப்போக்கர்களுக்காக வாசலில் பந்தலடியில் இரண்டு தண்ணீர்ப் பானைகள் வைத்திருந்தார். அந்த ஊர்ப் புண்ணியம் அது. 'குதோ' என்பார்கள். பானையின் மூடிமேல் ஒரே ஒரு தகரக் கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ரிக்ஷா இழுப்பவர்கள், ஆலைப் பெண்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் அதையே வாயில் வைத்துக் குடிப்பார்கள்.

"புண்ணியம் அவளுக்கு, எச்சி நமக்கா?" என்று அத்தை முதல் நாளே முணுமுணுத்தாள்.

அது வீட்டுக்காரம்மாவின் காதில் விழுந்துவிட்டது. "சயாமா, உங்க அத்தைக்கு நம்ம வீட்டு டீ இறங்காது. அவங்க டம்ளர அவங்களே கொண்டாரட்டும். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"கொண்டுதான் வந்திருக்கேன்" என்று அத்தை பையிலிருந்து பித்தளை டம்ளரை எடுத்துக் காட்டினாள். டீச்சரம்மாவைப் பர்மாவில் சயாமா என்பார்கள். அந்தச் சொல்லில் எனக்கு அன்று கொஞ்சம் கர்வம் இருந்தது.

எனக்கும் அவருக்கும் ஒரே மாதிரி எனாமல் கோப்பைகளில் டீ வந்தது. இரண்டாம் நாள், கதை சொன்ன வேகத்தில், அவர் என் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார். அவர் வாயோரத்தில் புகையிலைச் சாறு பழுப்பாகக் காய்ந்திருக்கும். முன்பற்கள் இரண்டு இல்லாத இடத்தில் நாக்கு சதா துழாவிக்கொண்டிருக்கும். அன்று நான் ஒன்றும் குடிக்கவில்லை. மறுநாள் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்துவந்து, அவர் கோப்பையின் பிடியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் எழுதினேன். நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். ஓடும் சரக்கு வண்டிகளின் மேல் கரித்துண்டு எறிந்து எறிந்து கை பழகியவர். சனிக்கிழமை ஒரு கல்லூரிக்காகச் சொந்தப் பெயரில் ஆடுவார். அன்றிரவே ரயிலேறி, ஞாயிற்றுக்கிழமை தொலைவிலுள்ள ஒரு ஆலை ஊருக்காகக் கூலிக்கு ஆடுவார், வேறு பெயரில். பெயர்களை மட்டும் அல்ல, தலைமுடி வகிட்டையும் மாற்றிக்கொள்வாராம். குவியலாக விழுந்து கிடக்கும்போது எதிராளியின் கண்ணில் சுண்ணாம்புப் பொடியைத் தேய்த்ததும், ஒருவர் தம் காதைக் கடித்ததும், தாம் அவர் விரலை முறித்ததும் வரிசையாக வந்தன. ஆலை முதலாளி மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்கு வந்து, இவருடைய தோளையும் புஜத்தையும் அமுக்கிப் பார்ப்பாராம். மாட்டுச் சந்தையில் போல, பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை. காறை எலும்பு முறிந்து இவரைத் தூக்கிச் சென்ற நாளில், இவர்மேல் பந்தயம் கட்டித் தோற்ற ஒருவர் எழுந்து வந்து முகத்தில் துப்பினாராம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் குமட்டியது. அத்தனை பெரிய நாட்டில், அத்தனை பள்ளிக்கூடங்களுக்கு நடுவில், இதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைக்க இன்னும் குமட்டியது.

இனி எதையும் சொல்லாதே என்ற அத்தை, இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

"கைய எதுக்கு நக்கிக்கிறாரு?"

"பந்து வழுக்காம இருக்க, அத்தை. எறியறதுக்கு முன்னாடி அப்படிச் செய்வாங்களாம்."

"பந்த யாரு குடுப்பா இவருகிட்ட?"

"முன்னாடி ஒருத்தர் குனிஞ்சு நிப்பாரு. காலுக்கு நடுவால பின்னாடி தருவாரு."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். "காலுக்கு நடுவுல வந்தத வாங்கிக்கிட்டு, அந்தக் கைய நக்கி. சிவசிவா. இதுக்கு நான் பஞ்சுக் கதையே கேட்டிருப்பேன்."

ஆனாலும் ஒரு பிற்பகல் நினைவில் இருக்கிறது. எறிவது எப்படி என்று கேட்டேன். தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை அந்தக் கோணல் விரல்களில் எடுத்தார். "ஆள் நிற்கும் இடத்துக்கு எறியக் கூடாது, டீச்சர். அவன் இன்னும் போய்ச் சேராத இடத்துக்கு எறிய வேண்டும். அவன் வந்துவிடுவான் என்று நம்ப வேண்டும்." வராந்தாவின் கோடியில் வீட்டுக்காரம்மா துணி உலர்த்தி முடித்து, வெறுங்கூடையை இடுப்பில் வைத்தபடி நடந்துகொண்டிருந்தார். பழம் அவருக்கு முன்னால் காற்றில் வளைந்து போயிற்று; அவர் இரண்டடி எடுத்து வைத்தார்; பழம் கூடைக்குள் விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை மட்டும், "கை சுத்தமில்லையே தவிர குறி சுத்தமாத்தான் இருக்கு" என்றாள்.

கப்பலுக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒருநாள் அவர் கதை சொல்லவில்லை. சிவப்பு நூல் கட்டிய கோப்பையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை நாளாகத் தெரியும் உங்களுக்கு?"

எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரியாதபோது காத்திருப்பது வகுப்பறையில் வந்த பழக்கம். காத்திருந்தேன்.

"இந்த நூலைப் பார்த்த அன்றே தெரிந்துகொண்டேன், உங்களை ஏமாற்ற முடியாது என்று. மழைக்காலத்திலிருந்து இரத்தம் வருகிறது. கைக்குட்டைகளை நானே எரித்துவிடுகிறேன். டாக்டரிடம் மட்டும் சொல்லாதீர்கள். காசம் என்று தெரிந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அந்த வேலையும் போய்விடும்."

கோப்பையை வேறாக்கியது அவர் நோயாளி என்பதால் அல்ல, எங்கள் வீட்டில் தாய் குடித்த கோப்பையில்கூட மகள் வாய் வைப்பதில்லை என்பதால்தான் என்று நான் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்படியானால் என் ஆட்டத்தை நானேதான் காட்டிக் கொடுத்திருக்கிறேன்."

இருமல் ஓய்ந்ததும் மீதியைச் சொன்னார். அவருக்கு முன்னால் குனிந்து நின்று பந்தைக் கொடுத்தவர் அவருடைய நண்பர். ஒரே சுரங்கத் தெருவில் பிறந்தவர். அந்த நண்பர் இருமத் தொடங்கியதும் மற்றவர்கள் ஒதுங்கினார்கள். அவர் உறிஞ்சிய பஞ்சைத் தொட மறுத்தார்கள். அணியிலிருந்து நீக்கினால் அவர் குழந்தைகளுக்குச் சோறு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இவர் அந்தப் பஞ்சை நண்பரின் வாயிலிருந்தே வாங்கித் தம் வாயில் வைத்து உறிஞ்சினார். கட்டளையிடுபவரே குடித்த பின் மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் குடித்தார்கள். அந்தப் பருவம் முடியும்வரை நண்பருக்குக் கூலி கிடைத்தது. அதன் பிறகு இறந்துபோனார்.

"நான் எறிந்த எந்தப் பந்தையும்விட அதுதான் எனக்குப் பெருமை" என்றார்.

அதுவரை கேட்டவற்றில் எதுவும் என்னை அவ்வளவு அருவருக்க வைத்ததில்லை. எதுவும் அவ்வளவு தலைகுனிய வைத்ததும் இல்லை. இரண்டும் ஒரே கணத்தில் வந்தன. எது முந்தியது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஆனால் அவர் திட்டம் அதோடு நிற்கவில்லை. கிணற்று வேலையில் கூட இருந்த இன்னொரு அமெரிக்கர், நல்ல மார்பும் தோளும் உள்ளவர், இவர் பெயரில் மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கி வருவதாக ஏற்பாடு. பெயர் மாற்றி ஆடியவருக்கு அது புதிய தந்திரம் அல்ல.

"கல்லூரியிலும் அதே வாளிதானா?" என்று கேட்டேன்.

"எல்லா ஊரிலும் அதே வாளிதான்."

"மாணவர்களோடு நீங்களும் குடிப்பீர்களா?"

"குடிக்காத பயிற்சியாளரை எந்த அணியும் நம்பாது."

அன்று வெளியே வரும்போது வாசல் பானையைப் பார்த்தேன். மாலை நடை முடிந்து திரும்புகையில் அவரும் அந்தத் தகரக் கோப்பையில்தான் குடிப்பார். வீட்டுக்காரம்மாவைத் தனியே அழைத்து, அந்தக் கோப்பையை எடுத்துவிடுவது நல்லது, அவருக்கு இருமல் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"அவரு இருமுறது எனக்கும் கேக்குது சயாமா. வெளிய போங்கன்னா எங்க போவாரு? கோப்பைய எடுத்துட்டா பானை எதுக்கு, குதோ எதுக்கு?"

"எதுக்குன்னு நான் சொல்றேன்" என்று பின்னாலேயே வந்திருந்த அத்தை இடையில் புகுந்தாள். "மூக்கு வச்ச கெண்டி ஒண்ணு வாங்கி வையி. தூக்கி ஊத்திக் குடிக்கட்டும். ஒங்க அப்பா அப்படித்தானே குடிச்சிருப்பாரு?"

மறுநாள் பானை மூடிமேல் ஒரு மண் கெண்டி இருந்தது. ரிக்ஷாக்காரர்களுக்கு அது பழக்கம்தான். ஆலைப் பெண்கள் மேலாடையையும் தரையையும் நனைத்துக்கொண்டு சிரித்துப் பழகினார்கள்.

என் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. குறிப்பு முழுவதும் என் கிறுக்கெழுத்தில் இருந்தது. என்னைத் தவிர யாராலும் அதைப் படித்து நல்ல படி எடுக்க முடியாது. மூன்று நாள் யோசித்தபின் அவரிடம் சொன்னேன். "பஞ்சைப் பற்றியும் உங்கள் நெஞ்சைப் பற்றியும் இதில் எழுதுவதானால் நல்ல படி எடுத்துத் தருகிறேன். இல்லையென்றால் எடுக்க மாட்டேன். டாக்டரிடம் நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன். அது நீங்கள் செய்ய வேண்டியது."

அவர் முகம் சிவந்தது. "உங்கள் தாயின் கோப்பையையே தொடாதவர் நீங்கள். உங்களிடம் நான் என்ன எதிர்பார்க்க முடியும்? உங்கள் நண்பர் செத்துக்கொண்டிருந்தால் நீங்கள் அவருக்குக் கோப்பையில் நூல் கட்டுவீர்கள்."

"கட்டுவேன்" என்றேன். "அவர் குழந்தைகளுக்கும் தனித்தனியாகக் கட்டுவேன்."

தாள்களை எடுத்துக்கொண்டு போய்விடச் சொன்னார். ரயிலில் அத்தையிடம் நடந்ததைத் தமிழில் சொன்னேன். இன்சீன் வருவதற்குச் சற்று முன் அவள், "அந்த மனுசன் பாவம்டி" என்றாள். பிறகு, "ஆனா நீ சொன்னது சரி" என்றாள். அந்த வரிசையில்தான் சொன்னாள்.

கப்பலுக்கு நான்கு நாள் இருக்கையில், வீட்டுக்காரம்மா பள்ளிக்கே ஆள் அனுப்பினார். நானும் அத்தையும் போனபோது அமெரிக்கர் வாசல் பந்தலடியில் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கெண்டியைத் தூக்கித் தலையை அண்ணாந்தார். நடந்துகொண்டிருந்தவரின் கூடைக்குள் எலுமிச்சம்பழத்தைப் போட்ட கை அது. தண்ணீர் முதலில் மூக்கில் விழுந்தது, பிறகு கன்னத்தில், பிறகு காதில். அவர் தும்மி, இருமி, சட்டை மார்போடு ஒட்ட, எச்சிலும் சளியும் தண்ணீருமாக வழிய நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை ஒளிப்பதற்கில்லை. அத்தைதான் கிட்டே போய், சைகையால், மூச்சை அடக்கி, தொண்டையைத் திறந்து வைத்துக்கொள்ளும் விதத்தைக் காட்டினாள்.

"எழுதுங்கள், டீச்சர்" என்றார் அவர்.

திண்டாடித்தான் எழுதினோம். நண்பர், பஞ்சு, இரத்தம், பெயர் மாற்றிப் போக இருந்த ஆள், எல்லாம் வந்தன. கடைசிப் பத்தியை அவர் இரண்டு முறை சொல்லித் திருத்தினார்: எனக்குக் காசநோய் இருக்கிறது, நான் வர முடியாது, ஆனால் நீங்கள் யாரை வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு மாணவனுக்கும் தனிக் கோப்பை கொடுங்கள், வாளியை ஒழித்துவிட்டுப் பஞ்சை எரித்துவிடுங்கள். நல்ல படி எடுத்து நானே தபாலில் சேர்த்தேன். கப்பல் அந்தத் தாள்களைக் கொண்டு போயிற்று. அவர் போகவில்லை.

பதில் வர மாதங்கள் ஆயின. அதற்குள் அவர் மருத்துவமனையின் நெஞ்சு நோய் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். நான் வாரம் ஒருமுறை, அத்தையோடு, போய் வந்துகொண்டிருந்தேன். அந்த வார்டின் நாற்றத்தை, ஃபினாயிலும் வேர்வையும் துப்பல் சட்டிகளுமாக, எப்படிச் சொன்னாலும் அது சொல்லில் அடங்காது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்ளக் கை எழும். அந்த ஆலை முதலாளியின் நினைவு வரும். கையைக் கீழே போட்டுக்கொள்வேன்.

கல்லூரிக் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். மரியாதையான கடிதம். அவருடைய நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். வேறொருவரை நியமித்துவிட்டதாகத் தெரிவித்திருந்தார்கள். கோப்பைகளைப் பற்றிய யோசனைக்கு நன்றி. எனினும் தங்கள் மைதானத்தில் வாளியே பல காலமாகக் குறையின்றிப் பயன்பட்டு வருவதால், இப்போதைக்கு மாற்றத் தேவை இருப்பதாகக் கருதவில்லை.

"அந்த வரியை இன்னொரு முறை" என்றார்.

படித்தேன். என் குரல் வகுப்பறைக் குரலாகத்தான் இருந்தது. உள்ளே மட்டும் அந்த வாளி முழுவதையும் நான் குடித்ததைப் போலிருந்தது. புகையிலை வழிந்த வாயும், நக்கிய விரல்களும், சளி வழிந்த சட்டையும் அந்த ஒரு வரியின் முன் எனக்குச் சுத்தமாகத் தெரிந்தன. இத்தனை வருடம் கழித்தும், நல்ல தாளில் நல்ல ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த அலுவல் கடிதத்தைப் பிரித்தாலும், முதலில் எனக்கு வருவது அந்தக் குமட்டல்தான்.

அவர் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "தண்ணீர்" என்றார். தலைமாட்டில் அந்த எனாமல் கோப்பை இருந்தது. நூல் சாயம் போய் வெளுத்திருந்தது. அவரால் அதைத் தூக்க முடியாது. அத்தை அவர் முகவாயைப் பிடித்துத் தலையைச் சற்று உயர்த்தினாள். வேர்வையும் சளியும் காய்ந்த அந்த முகவாயை, அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைத் தொடாத என் அத்தை, வெறுங்கையால் பிடித்திருந்தாள்.

"ஊத்துடி. மெதுவா ஊத்து."

அவர் வாயைத் திறந்து மூச்சை அடக்கினார். அவருக்கு இப்போது நன்றாகப் பழகியிருந்தது. நான் கோப்பையை உயரத் தூக்கி ஊற்றினேன்.